கராஜ்வாசல் 9: மைனருக்கு மூண்டு ஹோஸ்

மொறிஸ் மைனர் காரின் டாஷ்போட்டில் எஞ்சின் சூட்டைக் காட்டுற முள் இல்லை. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதில் வேகம். அதுக்குள்ளேயே ஒரு ஓரமாய்ப் பெற்றோல் அளவு. ஒயிலுக்கும் சார்ஜுக்கும் சின்னச் சின்ன வெளிச்சம். அவ்வளவுதான். தண்ணி ஒழுகுதோ, எஞ்சின் கொதிக்குதோ எண்டதை பொனற் இடுக்காலை வாற ஆவியைப் பார்த்துத்தான் ஓட்டுறவர் அறியவேணும். ஆவி வரேக்கை அனேகமாய்க் காரியம் முடிஞ்சிருக்கும். ஹெட் கஸ்கற் போயிருக்கும், இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் ஹெட்டே வளைஞ்சிருக்கும்.

அதாலைதான் போன கிழமை முழுக்க எங்கடை வீட்டில் மூண்டு இறப்பர்க் குழாயைப் பற்றி அவ்வளவு சண்டை :-)

புதுசா வாசிக்கிறவைக்கு: கார் பெரியப்பாவின்ரை. 1961 மைனர் 1000, 948 சிசி எஞ்சின். ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கை, அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள்ளை வைக்கோல் தூசியோடை கிடந்ததை வாங்கி, மூண்டு வருசமாய் நோண்டுறார். நான் மாஸ்ரர்ஸ் செய்ய வந்து அவை வீட்டு நிலவறையில் குடியிருக்கிற ஆள். வாடகைக்குப் பதிலாய் ஸ்பனர் எடுத்துக் குடுக்கிறன். வாற ஓகஸ்டில் அண்ணாவுக்குக் கலியாணம். பொம்பிளை மாப்பிள்ளை இந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போறது எண்டு பெரியம்மா அறிவிச்சிட்டா. ஓகஸ்ட் வெயில், சனிக்கிழமை, ஸ்காபரோ நெரிசல், பின்சீற்றில் கூறைச்சேலையோடை பொம்பிளை. இதுக்குள்ளை ஒரு ஹோஸ் வெடிச்சால் அந்த வீடியோவைப் பேரப்பிள்ளையளும் பார்ப்பினம்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கட அம்பாசடர் இருக்குதல்லோ, 2014இல் நிப்பாட்டினாங்களே, அதின்ரை மூலம் மொறிஸ் ஒக்ஸ்போட். மைனர் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை. 1948இல் வந்தது, வடிவமைச்சவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினி காரைச் செய்தாரே, அவரேதான். முதல் மைனருக்குத் தண்ணிப் பம்பே கிடையாது. சுடுதண்ணி மேலை போகும், ஆறின தண்ணி கீழை வரும் எண்ட ஒரே நம்பிக்கையில் ஓடினது. எங்கடை காரில் இருக்கிறது ஏ சீரிஸ் எண்ட பிந்தின எஞ்சின். இதுக்குப் பம்ப் உண்டு.

சரி, ஹோஸுக்கு வாறன். மேல்ஹோஸ் எஞ்சினில் இருந்து கொதிதண்ணியை ரேடியேற்றரின் தலைக்குக் கொண்டு போகும். கீழ்ஹோஸ் ஆறின தண்ணியைப் பம்புக்குக் கொண்டுவரும். ரெண்டும் பார்க்க ஒண்டுபோல இருந்தாலும் செய்யிற வேலை ஒண்டில்லை. மேலதை அமுக்கம் உள்ளிருந்து வெளியிலை தள்ளும். கீழதைப் பம்ப் உறிஞ்சும், அதாலை அது மெல்லிசாய், தொய்ஞ்சு இருந்தால் வேகம் கூடேக்கை ஒட்டி வாயை மூடிப்போடும். நிப்பாட்டிப் பொனற்றைத் திறந்து பார்த்தால் திரும்ப உருண்டையாய் ஒண்டும் தெரியாத பிள்ளைபோல இருக்கும். மூண்டாவது பைபாஸ் ஹோஸ். அதுக்கு ஒரு தனிக் கதை இருக்கு, கீழை சொல்லுறன்.

சண்டையைத் தொடக்கினது அண்ணா. ஒருத்தரையும் கேளாமல் சிலிக்கோன் ஹோஸ் ஒரு செற் எடுப்பிச்சிட்டார். நல்ல நீலம். பெரியப்பா கையிலை வாங்கி, இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பார்த்துப்போட்டுக் கேட்டார்:

"இதென்ன, மீன்தொட்டிக்கோ?"

அண்ணாவுக்காகவும் நாலு வார்த்தை கதைக்கவேணும். சிலிக்கோன் கெட்ட சாமானில்லை. 170 பாகை வரைக்கும் சூடு தாங்கும், கனடாக் குளிருக்கும் விறைச்சு வெடிக்காது, கனகாலம் இருக்கும். ஆனால் மைனரில் உள்ள ரேடியேற்றர் மூடி ஏழு இறாத்தல் அமுக்கத்துக்குத்தான். இப்பத்தைய கார்களில் அதைப்போல ரெண்டு மடங்கு. இந்தக் காரில் தண்ணி 110 பாகைக்குக் கிட்டப் போனாலே அது பெரிய ஆபத்து. அதுக்கு 170 பாகை தாங்குற குழாய் என்னத்துக்கு? அதோடை சிலிக்கோன் மெதுவானது. சாதாரணத் திருகுக் கிளிப்பை இறுக்கினால் கிளிப்பில் உள்ள வெட்டுக்குள்ளாலை பிதுங்கிக் கிழியும். அதுக்கெண்டு உள்பக்கம் வழுவழுப்பான கிளிப் வேறை வாங்கவேணும். நீராவியும் மெல்லமெல்லச் சுவராலை கசியும், துளி தெரியாது, ஆனால் தண்ணி குறையும். ரேஸ் ஓடுற காருக்கு நல்லது. கலியாணக் காருக்கு அளவுக்கு மிஞ்சின சாமான்.

அண்ணாவின்ரை ரெண்டாவது யோசனை, மடிப்பு மடிப்பாய் வாற, எப்பிடியும் வளைக்கக்கூடிய பொது ஹோஸ். எந்தக் கடையிலும் கிடைக்கும், மலிவு. இதைப் பெரியப்பா கையாலையும் தொடேல்லை. ஏன் எண்டு எனக்கு வரைஞ்சு காட்டினார். எஞ்சின் இறப்பர்த் தாங்கியிலை நிண்டு ஆடுற சாமான். ரேடியேற்றர் பொடியோடை இறுக்கினது, ஆடாது. ரெண்டுக்கும் நடுவிலை உள்ள ஹோஸ்தான் அந்த ஆட்டத்தை விழுங்கவேணும். மடிப்பு ஹோஸ் விறைப்பானது, உள்ளுக்குக் கம்பியும் இருக்கும், அது ஆட்டத்தை விழுங்காமல் அப்பிடியே ரேடியேற்றரின் கழுத்துக்குக் குடுக்கும். பழைய பித்தளை ரேடியேற்றரில் அந்தக் கழுத்து ஈயத்தாலை ஒட்டினது. கொஞ்ச நாளில் ஒட்டு விடும். ஹோஸ் நல்லாய்த்தான் இருக்கும், ரேடியேற்றர் போயிருக்கும்.

மூண்டாவது யோசனை என்ரை. பழைய கார்ச் சாமான் விக்கிற ஒரு சந்தையில் மொறிஸ் பெட்டிக்குள்ளையே, அந்தக் காலத்துச் சீட்டோடை, ஒருக்காலும் பாவிக்காத மேல்ஹோஸ் ஒண்டு கண்டன். அசல்! படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்ப, உடனை போன் வந்தது. "வளைச்சுப் பார் பிள்ளை, வெளிப்புற வளைவிலை வெடிப்புத் தெரியுதோ?" வளைச்சுப் பார்த்தன். தலைமுடி தடிப்பில் கோடு கோடாய். இறப்பர் ஓடினால்தான் கிழடாகும் எண்டில்லை, பெட்டிக்குள்ளை இருந்தும் கிழடாகும். காத்தில் உள்ள ஓசோன் போதும். பாவிக்காத பழசு எண்டு சொல்லி விக்கிற எல்லா இறப்பருக்கும் இது பொருந்தும், ஹோஸ், பெல்ற், பிரேக்குக்குள்ளை உள்ள சின்ன வளையம் எல்லாம். விளக்குக் கண்ணாடி, கதவுப்பிடி எண்டால் யோசிக்காமல் வாங்கலாம்.

இன்னொண்டு, 1961இல் உள்ள இறப்பரே வேறை. இப்ப நல்ல ஹோஸ் எல்லாம் ஈபிடிஎம் எண்ட செயற்கை இறப்பரில் செய்யிறது. அது 1960களிலைதான் சந்தைக்கு வந்தது. அதுக்கு முந்தினதுகளில் இயற்கை இறப்பரும் வேறை கலவையளும். ஆருக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்குள்ளை இருந்ததிலை எங்கடை நாட்டு இறப்பர்ப் பாலும் கொஞ்சம் இருந்திருக்கலாம். 1876இல் கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொடைத் தோட்டத்திலை நட்ட கண்டுகளாலை வந்த பால்.

இனிப் பெரியப்பாவின்ரை பக்கம்.

அண்ணா நினைச்சது என்னவெண்டால், அப்பா யாழ்ப்பாணத்திலை ஹையர் ஓடின ஆள், சைக்கிள் ரியூப்பைச் சுத்திப்போட்டுச் சரி எண்டு சொல்லுவார் எண்டு. நானும் அப்பிடித்தான் எதிர்பார்த்தன். 1990க்குப் பிறகு வடக்கிலை பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி எங்கடை ஆக்கள் நிறைய எழுதியிருக்கினம், ஒஸ்ரின் ஏ40, சோமசெற், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின கதை. சின்னப் போத்தலிலை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பழைய கார்களின்ரை அமுக்க விகிதம் குறைவு எண்டபடியால்தான் அது ஏலுமாய் இருந்தது.

ஆனால் அந்தக் கதையளில் ஹோஸைப் பற்றி ஒருத்தரும் எழுதினதை நான் காணேல்லை. பெரியப்பா சொல்லித்தான் விளங்கினது. மண்ணெண்ணெய் ஒழுங்காய் ஆவியாக எஞ்சின் நல்ல சூட்டிலை இருக்கவேணும். சூடு குறைஞ்சால் வெள்ளைப் புகை, எரியாத எண்ணெய் கீழை இறங்கி ஒயிலோடை கலக்கும். சூடு கூடினால் எஞ்சின் தட்டும். எண்டபடியால் எந்த நேரமும் கொதிக்கிற எல்லையிலைதான் ஓட்டம். அதோடை எங்கடை கிணத்துத் தண்ணி. நான் படிக்கிறதே நிலத்தடி நீர், இதைப் பற்றி மணித்தியாலக் கணக்கிலை அறுக்க ஏலும், விடுறன். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலை இருக்கு. கேத்தில் அடியிலை படியிற அதே வெள்ளை, ரேடியேற்றருக்குள்ளையும் படியும். குழாய் ஒடுங்கும், சூடு இன்னும் கூடும், எல்லாப் பாரமும் கடைசியிலை ஹோஸிலைதான் வந்து நிக்கும். ஹோஸ் போனால் லொறி ஹோஸை வெட்டிப் போடுறது, தண்ணி இறைக்கிற மெசின் குழாயைப் போடுறது, அதுவும் இல்லையெண்டால் சைக்கிள் ரியூப்பை நாடா நாடாய் வெட்டி இழுத்துச் சுத்துறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு பெரியப்பாவின்ரை சோமசெற்றுக்குள்ளை ஒன்பது பேர். வலிகாமம் முழுக்க ஒரே ரோட்டாலை தென்மராட்சிக்குப் போகுது. செம்மணியிலை இருந்து நாவற்குழிப் பாலம் மட்டும் சனமும் சைக்கிளும் மாடும் வண்டிலும், நடக்கிறவை காரை முந்திப் போயினமாம். கார் ஊர்ந்தால் ரேடியேற்றருக்குக் காத்து இல்லை. கீழ்ஹோஸ் கழுத்தடியிலை விட்டிட்டுது. அவர் ரியூப் நாடா சுத்தி, ரேடியேற்றர் மூடியைத் தளர்த்தி விட்டாராம், அமுக்கம் ஏறாட்டில் ஒழுக்குக் குறையும் எண்டு. குறைஞ்சது, நிக்கேல்லை. தண்ணி விட்டுக்கொண்டே போகவேணும். ரெண்டு பக்கமும் கடல்நீரேரி, அந்த உப்புத்தண்ணியை எஞ்சினுக்கு விட ஏலாது. குடிக்கத் தண்ணியில்லாமல் சனம் மழைத்தண்ணியைக் குடையிலை ஏந்தின இரவு அது. அப்பாச்சி மடியிலை வைச்சிருந்த போத்தலைக் கேட்டு வாங்கி ஊத்தினாராம்.

"பின்னாலை குழந்தை தண்ணி கேட்டு அழுகுது. நான் ரேடியேற்றருக்கு ஊத்துறன்," எண்டார். அந்தக் குழந்தைதான் இப்ப மாப்பிள்ளை.

அண்ணா ஒண்டும் சொல்லேல்லை. நீலக் குழாயை எடுத்துப் பெட்டிக்குள்ளை வைச்சார்.

"ரியூப் சுத்தினது கெட்டித்தனத்துக்கில்லை, வேறை இல்லாததாலை. இப்ப இருக்கு. அந்தக் காருக்கெண்டு வார்த்த ஹோஸை எடு." இவ்வளவுதான் பெரியப்பாவின்ரை தெரிவு. முப்பது வருசம் ஒட்டுப்போட்டு ஓடின ஆள், ஒட்டுப்போடுறதை ஒரு பெருமையாய்க் கதைக்கிறதை நான் இண்டுவரைக்கும் கேக்கேல்லை.

(இதிலை ஒரு விசித்திரம். அதே 1990களில் இங்கிலாந்தில் பாத் நகரத்திலை மொறிஸ் மைனர் சென்ரர் வைச்சிருந்த சார்ள்ஸ் வெயர் எண்டவர், இலங்கைப் பங்காளி ஒருத்தரோடை சேர்ந்து மைனருக்கான தகடுகளை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுப்பிச்சவர். ஒரு காரைக் கனகாலம் வைச்சிருக்கிறதுதான் சிக்கனம் எண்டு 1982இல் புத்தகமே எழுதின மனுசன். தீவின்ரை தெற்கிலை இருந்து மைனர்ச் சாமான் கப்பலிலை வெள்ளைக்காரனுக்குப் போகுது, வடக்கிலை ஒரு முழம் ஹோஸ் இல்லை.)

ஆக, ஈபிடிஎம்மில், உள்ளுக்கு நூல் வலை போட்டு, மைனரின் வளைவுக்கெண்டே வார்த்த ஹோஸ் எடுத்தம். கறுப்பு. எடுக்கேக்கை கவனிச்ச சில விசயம், உங்களிலை ஆருக்கும் உதவலாம். எஞ்சின் அளவு 803, 948, 1098 எண்டு மாறினால் ஹோஸும் மாறலாம், எஞ்சின் நம்பரைப் பார்த்துத்தான் கேக்கவேணும், ஏனெண்டால் அறுபது வருசத்திலை எவனாவது எஞ்சினை மாத்தியிருப்பான். ஹீற்றர் உள்ள காருக்குக் கீழ்ஹோஸிலை ஒரு கிளை வேணும். யாழ்ப்பாணத்து மைனருக்கு ஹீற்றர் என்னத்துக்கு, எண்டபடியால் பெரியப்பாவுக்கே இது புதுசு. பிறகு அங்குலம். இந்தக் கார் முழுக்க அங்குலக் கணக்கு. ஒண்டேகால் அங்குலக் கழுத்துக்கு 32 மில்லிமீற்றர் ஹோஸ் சரிவரும், 30ஐ இழுத்து ஏத்தினால் வாயிலை வெடிக்கும், 35ஐக் கிளிப்பாலை நெரிச்சால் மடிப்பு விழுந்து மடிப்பாலை ஒழுகும்.

பழைய ஹோஸைக் கழட்டினாப் பிறகு அதை நீளவாக்கிலை வெட்டிப் பார்த்தன். வெளியிலை பளபளப்பு, ஒரு குறையும் இல்லை. உள்ளுக்குக் கிளிப்புக்குக் கிட்ட நீளமாய்க் கீறல் கீறலாய். ஹோஸ் வெளியாலை போறதைவிட உள்ளாலைதான் கூடப் போகும். உலோகமும் கூலன்றும் இறப்பரும் சேர்ந்து ஒரு சின்னப் பற்றரிபோல வேலை செய்து உள்பக்கத்தைத் தின்னும். எஞ்சின் ஆறியிருக்கேக்கை ரெண்டு விரலாலை கிளிப்புக்குக் கிட்டவும் நடுவிலையும் அமத்திப் பாருங்கோ. கிளிப்படி நடுவைவிட மெதுமெது எண்டு இருந்தால் மாத்துற நேரம் வந்திட்டுது. கண்ணாலை பார்த்து ஒண்டும் தெரியாது.

பைபாஸ் ஹோஸ். பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலை, ஒரு பெருவிரல் நீளத்துக்கு நேராய் ஒரு துண்டு. தேமோஸ்ராற் மூடியிருக்கேக்கை தண்ணி ஹெட்டுக்குள்ளை தேங்கி ஒரு இடத்திலை மட்டும் கொதியாமல் இதாலை சுத்தி ஓடும். எங்கடை பக்கம் தேமோஸ்ராற்றைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுறது வழமை. கனடாவிலை அப்பிடி ஓடினால் ஹீற்றர் சுடாது, எஞ்சினும் சூடு பிடியாது. ஏ சீரிஸ் எஞ்சினை வைச்சிருக்கிற எவரைக் கேட்டாலும் இந்தத் துண்டைத்தான் திட்டுவினம், ஏனெண்டால் பம்பையோ ஹெட்டையோ கழட்டாமல் நேர்க்குழாயை உள்ளுக்கு விட ஏலாது. பிந்தின ஏ சீரிஸ் எஞ்சின்களில் இதையே இல்லாமல் செய்துபோட்டாங்கள். அதுக்காக அக்கோடியன் பெட்டிபோல நெரிச்சு உள்ளுக்கு விடக்கூடிய மடிப்புத் துண்டு ஒண்டு விக்கிறாங்கள். பத்து நிமிச வேலை. ஆனால் மடிப்பிலை சுவர் மெல்லிசு, கெதியிலை போகும்.

"ரேடியேற்றர் எப்பிடியும் வெளியிலை நிக்குது. பம்புக்கு நாலு போல்ற். கழட்டு," எண்டார் பெரியப்பா. நாலாவது போல்ற் அசைய ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு. நேர்த்துண்டு போட்டாச்சு.

கிளிப் சாதாரணத் திருகுக் கிளிப்தான். லம்லி றொபின்சன் எண்ட கடற்படை ஆள் 1921இல் காப்புரிமை எடுத்த அதே சாமான், நூறு வருசம் தாண்டியும் பெரிசாய் மாறேல்லை. கழுத்தின் விளிம்பிலை ஒரு சின்ன மேடு இருக்கும், கிளிப் அந்த மேட்டுக்கு மேலை இருக்கக்கூடாது, அதுக்குப் பின்னாலை இருக்கவேணும். கழுத்திலை உள்ள பழைய வெள்ளைப் படிவை மெல்லிய எமரித் தாளாலை சுரண்டி எடுத்திட்டு, ஹோஸ் வழுக்கி ஏறச் சவர்க்காரத் தண்ணி பூசினம். ஈபிடிஎம்முக்கு கிறீஸ், எஞ்சின் ஒயில் ஆகாது, ஊதிப்போகும். பெரியம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலோடை வந்து நிண்டவ, மரியாதையாய்த் திருப்பி அனுப்பினம்.

தண்ணிக்கு மட்டும் என்ரை சொல் எடுபட்டது. ஸ்ரௌவ்வில் இருக்கிறது ஓக் ரிட்ஜஸ் மொறெயின் எண்ட மணலும் சரளையும் குவிஞ்ச மேட்டின் கரையிலை, இந்தப் பக்கக் கிணத்துத் தண்ணியும் வன்தண்ணிதான். வடிச்ச தண்ணி பாதி, கூலன்ற் பாதி. அப்பிடிக் கலந்தால் சைபருக்குக் கீழை 37 பாகை மட்டும் உறையாது, மாசி மாதக் கராஜுக்கு அது வேணும். அண்ணா 15 இறாத்தல் மூடி போட்டால் இன்னும் பாதுகாப்பு எண்டு கேட்டுப் பார்த்தார். அறுபது வயசு ரேடியேற்றருக்கு ரெண்டு மடங்கு அமுக்கமோ எண்டு பெரியப்பா கேக்க, அதுவும் முடிஞ்சுது. ஏழிலையே நிக்குது. சூடு காட்டுற முள் ஒண்டு டாஷ்போட்டுக்குக் கீழை பூட்டுறதுக்கு மட்டும் மூண்டு பேரும் ஒரே நேரத்திலை ஓம் எண்டம்.

நேற்று முசல்மன்ஸ் லேக் வரைக்கும் போட்டு வந்தம், மூண்டு பேரும், நான் பின்னாலை. திரும்பி வந்து எஞ்சின் ஆறினாப் பிறகு எல்லாக் கிளிப்பையும் ஒருக்கால் திரும்ப இறுக்க, ஒவ்வொண்டும் கால் சுத்துப் போனது. புது இறப்பர் சூட்டிலை கொஞ்சம் அமரும், அதுக்காகச் செய்யிற வேலை. டிக்கிக்குள்ளை பெரியப்பா ரெண்டு கலன் வடிச்ச தண்ணியும், அதுக்குப் பக்கத்திலை குடிக்கிற தண்ணிப் போத்தல் ஆறும் வைச்சிருக்கிறார். ரெண்டிலையும் தனித்தனியாய் எழுதி ஒட்டியிருக்கு.